டப்பா பவுடரா, முட்டையா, காசிமேட்டு நெத்திலியா: மாசம் ரெண்டாயிரத்த எதுல போடறது?

வீட்டு சாப்பாட்டுக்குன்னு மாசம் ரெண்டாயிரம் ரூபா எக்ஸ்ட்ரா எடுத்து வைக்க முடியும்னு வெச்சுக்குங்க, அத எதுல போட்டா நாலு பேர் உடம்புக்கும் ஆகும், அதான் கேள்வி. ஹெல்த் டிரிங்க் டப்பாலயா, ஜிம்முக்கு போற பசங்க கலக்கி குடிக்கற வே புரோட்டீன்லயா, முட்ட பால்லயா, காசிமேட்டு மீன்லயா, இல்ல பருப்பு வேர்க்கடல கீரைன்னு பக்கத்து மளிக கடையிலயே முடிச்சிடலாமா. வட சென்னைல தண்டையார்பேட்ட, கொருக்குப்பேட்ட, வியாசர்பாடின்னு எங்க போய் கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ஆனா வீட்டுல யாருக்கு என்ன கொறையுதுன்னு பாத்துட்டு காசு செலவு பண்றவங்க ரொம்ப கம்மி. எல்லாரும் பொருள்லேர்ந்து ஆரம்பிக்கறாங்க, நான் ஆள்லேர்ந்து ஆரம்பிக்கறேன்.

நம்ம பக்கத்துல சாதாரணமா இருக்கற வீடு ஒண்ண எடுத்துப்போம். அப்பா துறைமுகத்துல லோடு வேல, அம்மா வீட்டுலயே தையல் மிஷின் போட்டு எம்.சி. ரோட்டு கடைக்கு பிளவுஸ் தெச்சு குடுக்கறாங்க, பொண்ணு பிளஸ் ஒன், பதினாறு வயசு, ஆயாவுக்கு அறுவது தாண்டிடுச்சு, சுகர் இருக்கு. இந்த நாலு பேருக்கும் ஒரு நாளைக்கு எவ்ளோ வேணும்னு ஐசிஎம்ஆர்ன்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சேந்து 2020ல ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்காங்க. 65 கிலோ ஆம்பளைக்கு புரோட்டீன் 54 கிராம், 55 கிலோ பொம்பளைக்கு 46 கிராம், சுருக்கமா சொன்னா கிலோவுக்கு 0.83 கிராம், அதுவும் சோறே பிரதானம்னு இருக்கறவங்க கிலோவுக்கு ஒரு கிராம்னு வெச்சுக்கறது நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க. கால்சியம் ரெண்டு பேருக்கும் 1000 மில்லிகிராம், 2010 கணக்குல இது 600தான் இருந்துச்சு. இதுவரைக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. அயர்ன்லதான் இருக்கு சங்கதி, ஆம்பளைக்கு 19 மில்லிகிராம், மாதவிடாய் வர்ற வயசு பொம்பளைக்கு 29, அந்த பதினாறு வயசு பொண்ணுக்கு 32. வீட்டுலயே அதிகமா அயர்ன் தேவப்படற ஆளு அந்த பொண்ணுதான், லோடு தூக்கற அப்பா இல்ல.

இப்ப கலோரிய பாருங்க. கடினமா ஒழைக்கற ஆம்பளைக்கு 3470, ஒக்காந்து வேல செய்ற பொம்பளைக்கு 1660, அதாவது பாதிக்கும் கீழ. அப்பா ஒரு நாளைக்கு அர கிலோ அரிசி சோறு சாப்பிட்டாருன்னா அந்த சோத்துலயே 40 கிராம் புரோட்டீன் இருக்கு, அரிசில நூறு கிராமுக்கு சுமாரா 8 கிராம் இருக்குங்க, பல பேர் இத நம்ப மாட்டாங்க. அதுக்கு மேல சாம்பாரும் ஒரு மீன் துண்டும் வந்தா அவருக்கு கணக்கு முடிஞ்சுது. அம்மா கால் கிலோ அரிசிதான் சாப்பிடுவாங்க, 20 கிராம், சாம்பார்ல இருக்கற பருப்பு முப்பது கிராம்னு வெச்சா ஒரு ஆறரை, மொத்தம் இருபத்தாறு இருபத்தேழுலயே நின்னுபோச்சு, இன்னும் இருவது கிராம் எங்கேர்ந்து வரும்? ஆனா நம்ம வீடுங்கள்ல நடக்கறது என்ன, ஒழைக்கறவருக்குன்னு ரெண்டு முட்ட, நடுத்துண்டு மீனு, அம்மாவுக்கு கொழம்புல மிஞ்சின தலையும் சட்டிய தொடச்சு ஒரு கை சோறும். அதிகமா சாப்பிடறவருக்கு சத்து தானா சேந்துடுது, கம்மியா சாப்பிடறவங்க தட்டுலதான் பொருள் மாறணும். ரெண்டாயிரத்தையும் இத மனசுல வெச்சுத்தான் பிரிக்கணும்.

மொதல்ல டப்பா. டிவி விளம்பரம் பாத்துட்டு பொண்ணு ஒயரமா வளரணும்னு வாங்கறதுதான் நம்ம பக்கம் அதிகம். டப்பா பின்னாடி இருக்கற சின்ன எழுத்த படிங்க, ஒரு வேளைக்கு ரெண்டு மூணு ஸ்பூன் போட்டா அதுல புரோட்டீன் ஒன்றர கிராம்லேர்ந்து மூணு கிராம் வரைக்கும்தான் வரும், மிச்சத்துல நல்ல பங்கு மால்ட்டும் சக்கரையும். விளம்பரத்துல வர்ற அந்த பெரிய நம்பர் எல்லாம் பாலோட சேத்து சொல்றது, பால்ல இருக்கற சத்து எதுக்கு டப்பா பேர்ல போவணும்? 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கடைங்களுக்கு, ஹெல்த் டிரிங்க்னு ஒரு வக நம்ம உணவு சட்டத்துலயே கெடையாது, அந்த தலைப்புலேர்ந்து இதயெல்லாம் எடுங்கன்னு சொல்லிடுச்சு. வைட்டமின் கலந்திருக்காங்கன்றது உண்மதான், இல்லன்னு சொல்லல, ஆனா அந்த காசுக்கு அது போதாது. சுகர் இருக்கற ஆயாவுக்கு தெம்புக்குன்னு இத ஆத்தி குடுக்கறது அதவிட மோசம்.

வே பவுடர். ஒரு ஸ்கூப்புல 24 கிராம் வரைக்கும் புரோட்டீன், ஒடம்புல நல்லா சேரும், அதுல குத்தமே இல்ல. ஆனா சுமாரான பிராண்டே கிலோ ரெண்டாயிரத்துக்கு மேல, ஒரு கிலோல முப்பது சொச்சம் ஸ்கூப்புதான், அப்ப ஸ்கூப்பு ஒண்ணு எழுவது ரூபா கிட்ட போவும், நாலு பேர் பட்ஜெட் ஒரே ஆள் வாயில முடிஞ்சிடும். அதே 24 கிராம் நாலு முட்டையில இருக்கு, இருவத்தெட்டு ரூபா. நூறு கிராம் வேர்க்கடலையில இருக்கு, அது இன்னும் கம்மி. அம்பது கிராம் சோயா உருண்டையில இருக்கு, அது பத்து ரூபாக்குள்ள. 2024ல அதே ஹைதராபாத் நிறுவனம் போட்ட உணவு வழிகாட்டில புரோட்டீன் பவுடர தவிர்க்க சொல்லித்தான் எழுதியிருக்காங்க. எண்ணூர் பக்கம் ஜிம்முக்கு போற தம்பிங்க கோச்சுக்காதீங்க, உங்க சொந்த காசுன்னா உங்க இஷ்டம், வீட்டு காசுன்னா வேணாம்.

சரி முட்டையும் பாலும். முட்ட ஒண்ணு ஆறு ஏழு ரூபா, ஆறு கிராமுக்கு மேல புரோட்டீன், தரத்துல அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, ஆயா பல்லு இல்லாம சாப்பிடலாம், பொண்ணு பஸ் புடிக்க ஓடறப்ப கையில எடுத்துட்டு போவலாம். ஆவின் நீல பாக்கெட் அர லிட்டர் இருவது ரூபா, அதுல 16 கிராம் புரோட்டீன், 600 மில்லிகிராம் கால்சியம், அதாவது ஒரு நாள் கால்சியத்துல பாதிக்கு மேல. ஆரஞ்சு பாக்கெட்டுல கொழுப்பு 6 சதவீதம், நீலத்துல 3, புரோட்டீன் கால்சியத்துல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல, கெட்டியா இருந்தா சத்துன்னு நெனச்சு கூட காசு குடுக்க வேணாம். ஆனா ஒண்ணு, இந்த ரெண்டுலயும் அயர்ன் கெடைக்காது. முட்டையில சுமாரா ஒரு மில்லிகிராம் இருக்கும், அதுவும் சரியா ஏறாது, பால்ல அயர்ன் இல்லன்னே சொல்லலாம். புரோட்டீனுக்கும் கால்சியத்துக்கும் முட்ட பால்தான் நம்பர் ஒன், ஆனா அம்மாவுக்கும் பொண்ணுக்கும் கொறையறதே அயர்ன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். கவர்மென்ட் ஸ்கூல் சத்துணவுல வாரத்துக்கு அஞ்சு நாளும் முட்ட போடறாங்க, ஆனா அது பத்தாவது வரைக்கும்தான். பிளஸ் ஒன் போனா மத்தியானம் அந்த சாப்பாடும் இல்ல முட்டையும் இல்ல. அயர்ன் தேவ 32ன்னு உச்சத்துக்கு போற அதே வயசுலதான் இலவச முட்ட நின்னுபோவுது, அதனால வீட்டு முட்டைய மொதல்ல அந்த பொண்ணுக்கு ஒதுக்குங்க, தம்பி சின்ன கிளாஸ்ல இருந்தா அவனுக்கு ஸ்கூல்லயே கெடைச்சிடும்.

மீனுக்கு வருவோம், நம்ம ஊர்ல இருந்துகினு மீனப்பத்தி பேசாம போனா எப்படி. காசிமேட்டுல விடியக்காலைல போனா நெத்திலி, கவல, காரப்பொடி எல்லாம் கூறு கட்டி வெச்சிருப்பாங்க, பேரம் பேசினா நூறு ரூபாக்கு நாலு பேர் சாப்பிடற அளவு வாங்கிடலாம். வஞ்சிரம் ஆயிரத்த தொடும். ரெண்டுலயும் நூறு கிராமுக்கு புரோட்டீன் பதினெட்டு இருவது கிராம்தான், பெரிய வித்தியாசம் கெடையாது. சொல்லப்போனா சின்ன மீன் ஒரு படி மேல, நெத்திலிய தலைய மட்டும் கிள்ளிட்டு முள்ளோட சாப்பிடறோம், அந்த முள்ளுதான் கால்சியம், வஞ்சிரத்துல முள்ள பூனைக்கு போட்டுடறோம். கவல மீன்ல ஒமேகா 3, வைட்டமின் டி, பி12 மூணும் இருக்கு, பி12 பருப்புலயோ கீரையிலயோ எந்த காலத்துலயும் கெடைக்காது. ஞாயித்துக்கெழம வீட்டுல விருந்தாளின்னா வஞ்சிரம் வாங்குங்க, அது மரியாதைக்கு வாங்கறது, சத்துக்குன்னு வாங்காதீங்க. ஆழ எண்ணெயில பொரிக்காம கொழம்பா வெச்சா இன்னும் நல்லது.

மீன்ல ரெண்டு சிக்கல். ஒண்ணு, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கு போவாது, சின்ன பைபர் படகு மீன் மட்டும்தான், வெல எகிறிடும், அந்த ரெண்டு மாசமும் மீன் காச முட்டைக்கும் சோயாவுக்கும் மாத்திக்கணும். ரெண்டு, கருவாடு. சத்து இருக்கு, ஆனா உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரே வேளையில காலி, பிபி இருக்கற வீட்டுல கருவாட்ட வாரா வாரம் வைக்காதீங்க, வெச்சாலும் தண்ணில நல்லா ஊற வெச்சு அலசிட்டு.

அயர்னுக்கு எது? இங்கதான் புளியந்தோப்பு, வியாசர்பாடிக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு, மாட்டுக்கறி. நூறு கிராம்ல இருவது கிராமுக்கு மேல புரோட்டீன், சுமாரா ரெண்டர மில்லிகிராம் அயர்ன், பி12 கிட்டத்தட்ட ஒரு நாளுக்கானது மொத்தமும், வெல மட்டன்ல பாதிகூட இல்ல. ரெண்டரன்னா கம்மியா இருக்கேன்னு தோணும், ஆனா கறில இருக்கற அயர்ன் நாலுல ஒரு பங்கு வரைக்கும் ரத்தத்துல ஏறும், கீர பருப்புல இருக்கறது பத்துல ஒரு பங்கு ஏறினாலே பெருசு. 29, 32ன்னு பயமுறுத்தற நம்பரே, நம்ம சாப்பாட்டுலேர்ந்து கொஞ்சம்தான் ஏறும்னு வெச்சு போட்ட கணக்குதான். மாட்டுக்கறி சாப்பிடாத வீட்டுல கோழி ஈரல், நூறு கிராம்ல சுமாரா 9 மில்லிகிராம், கறிக்கடையில கேட்டா சல்லிசா குடுப்பாங்க. ஆட்டு சுவரொட்டி (மண்ணீரல்), ரத்த பொரியல், இதெல்லாம் புள்ள பெத்தவளுக்கு குடுங்கன்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. ஆனா மாசமா இருக்கறவங்க ஈரல அடிக்கடி சாப்பிடக்கூடாது, அதுல வைட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தி, வயித்துல இருக்கற கொழந்தைக்கு ஆகாது. மத்தவங்களுக்கு வாரம் ஒரு வாட்டி, ஆளுக்கு நாலஞ்சு துண்டு போதும். பிராய்லர் கோழி கறி புரோட்டீனுக்கு ஓகே, அயர்னுக்கு அவ்வளவா இல்ல.

பீட்ரூட் செவப்பா இருக்கு ரத்தம் ஊறும், மாதுள செவப்பா இருக்கு ரத்தம் ஊறும்னு சொல்லிகினே இருப்பாங்க. ரெண்டுலயும் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் கூட கெடையாது. கலர பாத்து சத்து சொல்றதுன்னா தக்காளிக்கே டாக்டர் பட்டம் குடுக்கணும்.

கறி மீன் தொடாதவங்க வீடும் பெரம்பூர், சௌகார்பேட்ட பக்கம் நெறைய இருக்கு, அவங்களுக்கு மளிக கடைதான், அதுவும் மோசமான சாய்ஸ் இல்ல. தொவரம்பருப்பு, பச்சப்பயறு, கொண்டகடல எல்லாத்துலயும் நூறு கிராமுக்கு இருவது கிராம் கிட்ட புரோட்டீன். ரேஷன்ல தொவரம்பருப்பு கிலோ 30 ரூபா, புரோட்டீன் இதவிட மலிவா இந்த ஊர்லயே கெடைக்காது, அத வாங்காம விடறவங்கள என்ன சொல்றது. ஒரே பிரச்ன, நம்ம சாம்பார்ல பருப்பு தேட வேண்டியிருக்கு. 2024 வழிகாட்டி 2000 கலோரி தட்டுக்கு தானியம் 250 கிராம், பருப்பு முட்ட கறி எல்லாம் சேத்து 85 கிராம், காய் கீரை 400 கிராம், பால் 300 மில்லின்னு போடுது. அந்த 85 நம்ம வீட்டுல முப்பதுதான் இருக்கும், 250க்கு பதிலா அரிசி நானூறு இருக்கும். சாயங்காலம் பஜ்ஜிக்கு பதிலா வாரத்துல மூணு நாள் சுண்டல் பண்ணாலே அந்த எடவெளி பாதி மூடிடும். அரிசில லைசின்னு ஒரு அமினோ அமிலம் கொறைச்சல், பருப்புல அது நெறைய, அதனால சோறும் பருப்பும் சேந்து வரும்போது அரிசியோட புரோட்டீனுக்கே மதிப்பு கூடுது. அம்மா உணவகத்துல 5 ரூபா சாம்பார் சாதம் சாப்பிடறவங்க வெளிய ஒரு அவிச்ச முட்ட சேத்துக்கிட்டா பன்னெண்டு பதினஞ்சு ரூபாய்ல உருப்படியான மத்தியான சாப்பாடு.

கூழ் வண்டிய மறந்துடக்கூடாது. கேவுருல, அதாவது கேழ்வரகுல, நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் கிட்ட கால்சியம், பால் புடிக்காதவங்களுக்கு இதவிட நல்லது கெடைக்கறது கஷ்டம், ஒரு சொம்பு கூழ்ல அறுவது கிராம் மாவு இருந்தாலே 200 வந்துடும். அதுக்கு தொட்டுக்க மோர் மொளகாயும் ஊறுகாயும் அள்ளி வைக்கறதுதான் இடிக்குது, வெங்காயமும் மாங்காயும் போதும்.

அப்புறம் ரேஷன் அரிசி, பைசா செலவில்லாம அயர்ன் வர்ற வழி. உங்க கடையில செறிவூட்டின அரிசின்னு வந்தா, நூறு அரிசிக்கு ஒரு அரிசின்னு கொஞ்சம் வேற மாதிரி வெளுப்பா கலந்திருக்கும், அதுதான் அயர்னும் போலிக் ஆசிடும் பி12ம் சேத்து செஞ்சது. பிளாஸ்டிக் அரிசின்னு நெனச்சு பொறுக்கி பொறுக்கி வெளிய போடறாங்க, இல்ல மொத்தமா இட்லி மாவு கடைக்கு தள்ளிட்டு கடையில பொன்னி வாங்கறாங்க. உணவு பாதுகாப்பு ஆணையம் வெச்ச அளவுப்படி ஒரு கிலோல 28லேர்ந்து 42.5 மில்லிகிராம் அயர்ன் இருக்கணும். கால் கிலோ சாப்பிடற அம்மாவுக்கு கொறஞ்சது 7 மில்லிகிராம், தீட்டின சாதா அரிசில ரெண்டு கூட தேறாது. அத குக்கர்ல அளவு தண்ணி வெச்சு பண்ணா நல்லது, கஞ்சி வடிச்சு கொட்டினா சத்தும் கொஞ்சம் போவும், வடிச்சாலும் அந்த கஞ்சிய குடிங்க. தலசீமியா, சிக்கிள் செல்னு பரம்பரை ரத்த நோய் இருக்கறவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு சாப்பிடணும். கடை அரிசிதான் வேணும்னா பச்சரிசிக்கு புழுங்கல் மேல், புழுக்கும்போது தவிட்டுல இருக்கற பி1 உள்ள எறங்கிடுது. இந்த ஹைதராபாத் நிறுவனம் ஆரம்பிச்சதே 1918ல நம்ம குன்னூர்ல, பி1 கொறஞ்சா வர்ற பெரிபெரி நோய மெக்காரிசன்னு ஒரு டாக்டர் ஆராய்ச்சி பண்ண போட்ட சின்ன எடம்தான் பின்னாடி 1958ல ஹைதராபாத் போச்சு, தீட்டின அரிசிக்கும் அந்த நோய்க்கும் அவ்ளோ நெருக்கம்.

இப்ப ரெண்டாயிரத்த நான் பிரிச்சா இப்படித்தான் பிரிப்பேன், உங்க தெருவுல வெல கொஞ்சம் ஏற எறங்க இருக்கும். ஒரு நாளைக்கு மூணு முட்ட, பொண்ணுக்கு அம்மாவுக்கு ஆயாவுக்கு ஆளுக்கொண்ணு, மாசம் அறநூத்தி முப்பது. வாரத்துல ரெண்டு நாள் சின்ன மீனு, எண்ணூறு. வாரம் ஒரு நாள் கால் கிலோ கோழி ஈரல், மாசத்துக்கு ஒரு எரநூறு. ரேஷனுக்கு மேல இன்னொரு கிலோ பருப்பு, ஒரு கிலோ வேர்க்கடல, முந்நூறு. மிச்சத்துக்கு கொய்யாக்கா, ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டா வைட்டமின் சி ஒரு நாளைக்கு தேவையானதவிட அதிகம், சாப்பாட்டோட சேத்து சாப்பிட்டா பருப்பு கீரையில இருக்கற அயர்ன் நல்லா ஏறும், கொய்யா இல்லன்னா எலுமிச்ச. பால் ஏற்கனவே வாங்கறதுதான், அத டீக்கு மட்டும் ஊத்தாம ஆயாவுக்கு மோராவும் குடுங்க, அவங்க வயசுக்கு கால்சியம் 1200 வேணும், அயர்ன் 19தான், ஈரல் துண்டு அவங்களுக்கு கட்டாயமில்ல. கிட்னில பிரச்னன்னு டாக்டர் சொல்லியிருந்தா புரோட்டீன் அளவயும் அவர்தான் சொல்லணும், இந்த கணக்கு செல்லாது. அப்பாவுக்கு தனியா ஏன் ஒண்ணும் இல்லன்னு கேப்பாரு. மீனும் சுண்டலும் அவருக்கும்தான், முட்ட மட்டும்தான் இல்ல, மேல இருக்கற நாப்பது கிராம் சோத்து கணக்க அவர்கிட்ட காட்டுங்க.

டீ ஒண்ணுதான் எல்லாத்தயும் கெடுக்கும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அதுல இருக்கற டானின் பருப்பு கீரை அயர்ன புடிச்சு வெச்சுக்கும், ஒரு மணி நேரமாவது கேப் விடணும், டீக்கட பென்ச்ல பன்னு சாப்பிட்டு டீ குடிக்கறது வேற, மதியம் சாப்பிட்டு ஒடனே குடிக்கறது வேற.

இவ்ளோ பண்ணாலும் ஏற்கனவே ரத்தம் கொறஞ்சு போயிருந்தா சாப்பாடு மட்டும் போதாது, இத தெளிவா சொல்லிடறேன். 2019-21 தேசிய குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோக. மூச்சு வாங்குது, படி ஏறினா படபடப்புன்னா ஏரியா கார்ப்பரேஷன் ஹெல்த் சென்டர்ல ஹீமோகுளோபின் பாருங்க, காசு இல்ல, 12க்கு கீழ இருந்தா மாத்திர குடுப்பாங்க. பொண்ணுக்கு ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திர குடுக்கறாங்கல்ல, வாந்தி வருதுன்னு பைக்குள்ள போட்டு வெச்சுக்குவாளுங்க, வெறும் வயித்துல போடாம சாப்பிட்டு போட சொல்லுங்க, மலம் கறுப்பா போனா பயப்பட வேணாம், அது மாத்திரையில இருக்கற அயர்னாலதான். கால்சியம் மாத்திரையும் எழுதியிருந்தா ரெண்டயும் ஒண்ணா விழுங்காம ஒண்ணு காலைல ஒண்ணு ராத்திரி.